பர்சன்டேஜ் குறைந்தது, பொய் குறையவில்லை

போன முறை கூவம் ஆற்றைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை கொஞ்சம் வெட்கமான விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்தேன். ஆய்வுக் கட்டுரைகளில் காப்பி அடிப்பது பற்றி ஊருக்கு உபதேசம் செய்வது சுலபம். ஆனால் நானே அடித்திருக்கிறேன் என்பதைச் சொல்லாமல் எழுதினால் அதுவும் ஒரு வகைக் காப்பிதானே? அதனால் என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் படிப்பது எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல். கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். "தூரமா எல்லாம் போகாதே, உன் ஊர்த் தண்ணியையே டெஸ்ட் பண்ணு" என்றார் கைடு மேடம். எனக்கும் வசதியாகப் போயிற்று. திருவேற்காட்டில் எங்கள் தெருவும் பக்கத்துத் தெருக்களுமாகச் சேர்த்து ஒன்பது வீடுகளில் போர் தண்ணீர் பிடித்தேன். பாட்டிலில் எஸ்1, எஸ்2 என்று எண் ஒட்டி, பையில் போட்டு, பஸ்ஸில் கல்லூரிக்கு எடுத்துப் போனேன். கண்டக்டர் "இன்னா தம்பி, கோயில் தீர்த்தமா?" என்று கேட்டார். கருமாரியம்மன் கோயில் ஸ்டாப்பில் ஏறினால் அப்படித்தான் கேட்பார்கள்!

உப்பு, கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட் எல்லாம் நானே லேபில் உட்கார்ந்து பார்த்தேன். அதில் எந்தத் திருட்டும் இல்லை. எண்களை அப்படியே அட்டவணையில் டைப் அடித்தேன். டைப் அடித்தேனே தவிர படிக்கவில்லை. அங்கேதான் பிரச்சினை.

அட்டவணை முடிந்த பிறகு எழுத வேண்டியது நிறைய இருந்தது. முன்னுரை, ஆய்வுப் பகுதி, விவாதம், முடிவுரை. அதுவும் ஆங்கிலத்தில். சமர்ப்பிக்க இன்னும் ஆறே நாள். என்ன செய்வது? சோத்கங்காவில் தேடினேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையக் களஞ்சியம் அது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. யாரும் இலவசமாகப் படிக்கலாம். அதில் நிலத்தடி நீர் பற்றிய ஓர் ஆய்வேடு கிடைத்தது. வேறு மாவட்டம், வேறு வருஷம். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி விவாதத்தையும் முடிவுரையையும் அப்படியே எடுத்து ஒட்டினேன். ஒரு இரவில் வேலை முடிந்தது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி நூலகத்தில் மென்பொருளில் போட்டுப் பார்த்தார்கள். 34 சதவீதம் ஒத்துப்போகிறது என்று வந்தது. பத்துக்குள் இருக்க வேண்டும். வயிறு கலங்கிவிட்டது. சக மாணவன் ஒருவன்தான் வழி சொன்னான். "மெயின் ரோட்டுல ஒரு ஜெராக்ஸ் கடை இருக்குடா. பர்சன்டேஜ் குறைச்சுத் தருவாங்க. பக்கத்துக்கு இவ்வளவுன்னு ரேட்டு." போனேன். கடைக்காரர் தலையைக் கூட நிமிர்த்தவில்லை. "சாயந்திரம் வா தம்பி" என்றார். சாயந்திரம் போனால் 8 சதவீதம். ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் ஒன்றும் படிக்கவில்லை. ஏதோ ஒரு சொல்மாற்று மென்பொருளில் போட்டு எடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவுக்குள் நுழைகிறேன். நாலாவது வீட்டு ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுத் தண்ணீர்தான் எஸ்4.

"இன்னா கண்ணு, பாட்டில்ல தண்ணி புடிச்சிகினு போனியே, இன்னா சொல்றாங்க? நம்ம தண்ணி நல்லாகீதா?"

நான் பெரிய ஆராய்ச்சியாளன் மாதிரி புத்தகத்தைத் திறந்து முடிவுரையைப் பார்த்தேன். பெரும்பாலான மாதிரிகள் குடிக்க ஏற்றவை என்று எழுதியிருந்தது. "நல்லாத்தான் இருக்கு ஆயா" என்றேன்.

"அப்பாடா. பேத்திக்குக் கொளந்த பொறந்து நாலு மாசம். பால்பவுடர்தான் கரைச்சு ஊத்துறோம். தண்ணிய நல்லா கொதிக்க வெச்சுத்தான் குடுக்கறோம். அதான் கேட்டேன்."

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட பிறகு ஏதோ உறுத்தியது. அட்டவணையைத் திறந்து முதல் முறையாகப் *படித்தேன்*. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐஎஸ் 10500, நைட்ரேட்டுக்கு வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். உப்புக்கும் கடினத்தன்மைக்கும் வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் இவ்வளவு வரை போகலாம் என்று ஒரு சலுகை உண்டு. நைட்ரேட்டுக்கு அந்தச் சலுகையே கிடையாது. என்னுடைய ஒன்பது மாதிரிகளில் ஐந்து 45-ஐத் தாண்டியிருந்தன. எஸ்4 அந்த ஐந்தில் ஒன்று.

வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அதற்குப் பக்கத்திலேயே போர் என்று இருக்கும் இடங்களில் நைட்ரேட் ஏறுவது ஒன்றும் அதிசயமில்லை. பெரியவர்களை அது உடனே ஒன்றும் செய்வதில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் அளவு இன்னும் கூடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்!

அன்று இரவு தூக்கம் வரவில்லை.

*

மறுநாள் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அந்த இரவில் எனக்குப் புரிந்த ஒன்றை முதலில் சொல்லவேண்டும். நான் திருடியது வார்த்தைகளை மட்டும் இல்லை. இன்னொருவருடைய முடிவையே தூக்கிக்கொண்டு வந்து என் தெருவின் மேல் ஒட்டியிருக்கிறேன். அவர் சொன்னது அவருடைய ஊருக்கு உண்மையாக இருக்கலாம். என் ஊருக்கு அது பொய். அதைவிடக் கொடுமை, மென்பொருள் 34 சதவீதம் என்றபோதும் அந்தப் பொய் உள்ளே இருந்தது. 8 சதவீதம் என்றபோதும் இருந்தது. வார்த்தைகள்தான் மாறின.

காப்பி அடிப்பதைப் பற்றிப் பேசும்போது "பாவம், எழுதினவருக்கு நஷ்டம்" என்றுதான் பேசுகிறோம். படிக்கிறவருக்கு, அதை நம்புகிறவருக்கு என்ன ஆகும் என்று யாரும் பேசுவதில்லை. அதற்குப் பிறகு நம் நாட்டில் நடந்த சில பெரிய சம்பவங்களைத் தேடிப் படித்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

2002-ல் நைனிதாலில் இருக்கும் குமாவுன் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரே மாட்டினார். இயற்பியல்காரர். அவர் பெயரில் ஐரோப்பிய இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ரெனாடா கல்லோஷும் மற்றவர்களும் 1996-ல் எழுதிய கட்டுரையின் நகலாக இருந்தது. ஸ்டான்ஃபோர்ட் இயற்பியலாளர்கள் ஏழு பேர், அதில் மூன்று பேர் நோபல் பரிசு பெற்றவர்கள், நம் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதினார்கள். விசாரணைக் குழு குற்றத்தை உறுதி செய்தது. 2003-ல் துணைவேந்தர் பதவி விலகினார். ஒரு ஆய்வுக் கட்டுரையின் காப்பிக்காகக் குடியரசுத் தலைவர் மாளிகை வரை போக வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். கீழே விசாரிக்க ஆளும் இல்லை, முறையும் இல்லை.

2007-ல் இன்னொன்று. மருந்துக் காப்புரிமைச் சட்டத்தைப் பற்றி ஆராய மஷேல்கர் தலைமையில் அரசு ஒரு நிபுணர் குழு அமைத்திருந்தது. அதன் அறிக்கையில் முக்கியமான சில வரிகள், ஷம்நாத் பஷீர் என்ற சட்ட அறிஞரின் கட்டுரையிலிருந்து பெயர் சொல்லாமல் எடுக்கப்பட்டவை என்று தெரியவந்தது. அந்தக் கட்டுரையோ பன்னாட்டு மருந்துக் கம்பெனிகளின் சங்கம் ஒன்றின் நிதியுதவியில் எழுதப்பட்டது. மஷேல்கர் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இங்கேயும் அதே கதைதான். சில வரிகள்தானே என்று விடமுடியாது. அந்தச் சில வரிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால்தான், அதை எந்த அளவு நம்பலாம் என்று தெரியும். மாத்திரை விலை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லையா?

2008-ல் நமக்குப் பக்கத்திலேயே, திருப்பதியில். ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004 முதல் 2007 வரை வெளியிட்ட சுமார் 70 கட்டுரைகள் திருட்டு அல்லது போலி என்று குற்றச்சாட்டு எழுந்து, உலக அளவில் செய்தியானது. அந்த வேகத்தில் அத்தனை ஆய்வுகளைச் செய்யும் கருவிகள் அங்கே இருக்கின்றனவா என்று முன்னாலேயே யாராவது கேட்டிருந்தால் விஷயம் அப்போதே முடிந்திருக்கும். மூன்று வருஷம் யாரும் கேட்கவில்லை.

2010-ல் நம் மாநிலத்திலேயே ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் கிருஷ்ணன்கோவிலில் இருக்கும் கலசலிங்கம் பல்கலைக்கழகம், திருட்டும் போலித் தரவும் கொண்ட கட்டுரைகளை வெளியிட்டதாகத் தன் பேராசிரியர் ஒருவரைப் பணிநீக்கம் செய்தது. அவரிடம் ஆய்வு செய்த ஆறு பேரின் பிஎச்.டி. பதிவும் ரத்தானது. நடவடிக்கை எடுத்தது நல்லதுதான். ஆனாலும் அந்த ஆறு பேரைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். கைடு சொல்வதை மீறும் தைரியம் எத்தனை மாணவர்களுக்கு இருக்கும்?

கடைசியாக, பாரத ரத்னா சி.என்.ஆர். ராவ். 2011-ல் அவர் கூட்டாக எழுதிய ஒரு கட்டுரையின் முன்னுரையில் சில வரிகள் வேறொரு கட்டுரையிலிருந்து அப்படியே வந்திருந்தன. எழுதியது ஒரு ஆய்வு மாணவர். ஆய்வு முடிவுகளில் குறை எதுவும் சொல்லப்படவில்லை. இருந்தாலும் இதழில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கப்பட்டது. "முன்னுரைதானே, யார் படிக்கிறார்கள்" என்பதுதான் மாணவர்கள் மனதில் ஓடும் கணக்கு. எனக்கும் அதுதான் ஓடியது. பெரியவர்களும் அதையே நினைத்துப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள் போல.

*

சரி, தடுக்க என்ன இருக்கிறது? சட்டம் இருக்கிறது. 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென்றே விதிகள் கொண்டுவந்தது. சுருக்கமாகச் சொன்னால் இப்படி. ஒத்துப்போவது 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருஷம் திருத்திக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆசிரியர்களுக்குத் தனியாக உண்டு. சம்பள உயர்வு நிறுத்தம், சில வருஷங்களுக்குப் புது ஆய்வு மாணவர்களை எடுக்கத் தடை என்று போகிறது. மேற்கோள் குறியிட்டு ஆதாரம் சொன்ன பகுதி, நூற்பட்டியல், நன்றியுரை, சட்டங்கள், சமன்பாடுகள் கணக்கில் வராது. பொதுவான சொற்கள் தொடர்ந்து 14 வரை தற்செயலாக ஒத்துப்போனாலும் பரவாயில்லை. 2019-ல் சோத்சுத்தி என்ற திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புமை பார்க்கும் மென்பொருளும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மென்பொருளுக்குத் தெரிவது எழுத்து ஒத்துப்போகிறதா என்பது மட்டுமே. அது திருட்டா என்று அதற்குத் தெரியாது. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்துத் தன் பெயரில் போட்டால் சுலபமாகத் தப்பிவிடலாம். தமிழ் ஆய்வேடுகளின் நிலைமை இன்னும் மோசம். யூனிகோடு வருவதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துருவில் டைப் அடித்தவை ஏராளம். நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்குக் குப்பை எழுத்து. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டதே 2010-ல்தான். அதற்கு முந்தைய தமிழ் ஆய்வேடுகளிலிருந்து எடுத்தால் எந்த மென்பொருள் கண்டுபிடிக்கும்?

அப்புறம் நம் ஜெராக்ஸ் கடை வித்தை. இது உலகம் முழுக்க நடக்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 2021-ல் கில்லோம் கபனாக் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளரும் இன்னும் இருவரும் இதைத் தோண்டி எடுத்தார்கள். திருடிய வரிகளைச் சொல்மாற்று மென்பொருளில் போட்டதால் உருக்குலைந்த சொற்றொடர்களை அச்சான கட்டுரைகளிலேயே கண்டுபிடித்தார்கள். அவற்றைச் சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள் என்றே அழைக்கிறார்கள்! 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்ட்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' ஆகிவிட்டது. நம் பாஷையில் சொன்னால் செயற்கை நுண்ணறிவு போய்க் கள்ள நினைவு வந்துவிட்டது. 'ப்ரெஸ்ட் கேன்சர்' என்பது 'பூசம் பெரில்' ஆனது. மார்பகப் புற்றுநோயை நெஞ்சு ஆபத்து என்று எழுதின மாதிரி. சிரிப்பு வருகிறது இல்லையா? சிரித்துக்கொண்டே என் ப்ராஜெக்ட்டை எடுத்துப் பார்த்தேன். கிரவுண்ட் வாட்டர் என்று வரவேண்டிய இடத்தில் பூமியின் திரவம் என்கிற அர்த்தத்தில் ஏதோ இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

இப்போது அந்தக் கடைக்கே வேலை இல்லை. செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் கேட்டால் சொல் சொல்லாகப் புதிதாக எழுதித் தருகிறது. ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் அநேகமாக மாட்டாது. ஆனால் எஸ்4 பாட்டிலில் என்ன இருந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்?

விதி ஒரு பக்கம் இருக்க, எண்ணிக்கை மோகம் இன்னொரு பக்கம். எங்கள் ஊருக்கு அடுத்தாற்போல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பஞ்சாவடி. அங்குள்ள சவீதா பல் மருத்துவக் கல்லூரியைப் பற்றி 2023 ஜூனில் 'சயன்ஸ்' இதழில் 'ரிட்ராக்ஷன் வாட்ச்' செய்தியாளர் எழுதிய விரிவான செய்தி வந்தது. அது திருட்டைப் பற்றியது அல்ல, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இளங்கலை மாணவர்கள் தேர்வு மாதிரி உட்கார்ந்து கட்டுரைகள் எழுதுவதும், அவற்றில் தங்கள் கல்லூரிக் கட்டுரைகளையே அதிகமாக மேற்கோள் காட்டுவதும், அதனால் தரவரிசையில் பலன் கிடைத்திருக்கலாம் என்பதும்தான் அந்தச் செய்தி. கல்லூரித் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் எனக்கு ஒரு கேள்வி வந்தது. எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்று எண்ணியே ஒரு கல்லூரியை மதிப்பிட்டால், எல்லாக் கல்லூரிகளும் எண்ணிக்கையைத்தானே வளர்க்கும்? விளைச்சலைப் பார்க்காமல் மூட்டையை எண்ணுகிற வியாபாரி மாதிரி.

கொஞ்சம் மாற்றமும் தெரிகிறது. பிஎச்.டி. ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022 நவம்பரில் எடுத்துவிட்டது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மார்க் குறைப்பது என்பதை 2025 தேசியத் தரவரிசையில் கொண்டுவந்தார்கள். இன்னும் முன்னாலேயே செய்திருக்கலாம்.

*

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லவேண்டும். நாங்கள் ஏன் காப்பி அடிக்கிறோம்? ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, புத்தகத்தில் இருக்கிற மாதிரியே எழுதினால்தான் முழு மார்க். சொந்த வாக்கியத்தில் எழுதினால் ஒரு மார்க் போச்சு. நோட்ஸை மனப்பாடம் செய்து அப்படியே கக்கினவன் பள்ளியில் முதல். அதே பையன் கல்லூரிக்கு வந்து அதையே செய்தால் குற்றவாளி. நடுவில் யாராவது உட்கார வைத்து, "அடுத்தவர் சொன்னதை இப்படி எடுக்க வேண்டும், இப்படிப் பெயர் சொல்ல வேண்டும்" என்று கற்றுக்கொடுத்தார்களா? எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இது சாக்கு இல்லை. ஆனால் காரணம்.

இத்தனைக்கும் இது நமக்குப் புதிய பழக்கம் இல்லை. தொல்காப்பியர் விதி சொல்லிவிட்டு 'என்ப', 'மொழிப' என்று முடிப்பார். முன்னோர் இப்படிச் சொல்கிறார்கள், நானாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். பவணந்தி முனிவரின் நன்னூல் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்தே வைத்திருக்கிறது. முன்னோர் கருத்தை மட்டுமல்ல, அவர்கள் சொற்களையே எடுத்துப் போற்றலாம் என்றும் அது சொல்கிறது. எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வழிநூலை முதல்நூல் என்று சொல்லிக்கொள்ளாதே என்பதுதான் விஷயம். உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த நூல்களின் முன்னுரைகளைப் பாருங்கள். எந்த ஊரில் யார் வீட்டுச் சுவடி கிடைத்தது, யார் உதவினார்கள் என்று எழுதி வைத்திருப்பார். அந்தச் சுவடிகளைத் தேடி எத்தனை ஊர் அலைந்தவர்! அவரே பெயர் சொல்கிறார் என்றால் நமக்கு என்ன வந்தது?

எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் நினைவுக்கு வருகிறார். அறுபத்துமூவரில் மூர்க்க நாயனார் திருவேற்காட்டில் பிறந்தவர். சூதாடி ஜெயித்த பணத்தில் அடியார்களுக்குச் சோறு போட்டார். அந்தக் காசைத் தன் கையால்கூடத் தொடமாட்டார், எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார் என்று புராணம் சொல்லும். நல்ல காரியத்துக்கு எந்த வழியும் சரிதான் என்பதற்கு நண்பர்கள் இவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அவர் நாயன்மார், விடுங்கள். நான் சூதாடியது எனக்கு டிகிரி கிடைப்பதற்காக. பணயமாக வைத்தது ஆயா வீட்டுக் குழந்தையை.

*

இனி மறுநாள் கதை. காலையில் எழுந்ததும் ஆயா வீட்டுக்குப் போனேன்.

"ஆயா, நேத்து நான் தப்பா சொல்லிட்டேன். உங்க தண்ணி குழந்தைக்கு ஆவாது. கொதிக்க வெச்சாலும் ஆவாது. பாப்பாவுக்கு மட்டும் வேற தண்ணி குடுங்க."

"இன்னாடா கண்ணு, நேத்து நல்லாகீதுன்ன?"

"சரியா படிக்காம சொல்லிட்டேன் ஆயா."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "படிக்கத்தானடா உன்ன காலேஜுக்கு அனுப்பிச்சாங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றே பேத்தி புருஷன் நல்ல கம்பெனி கேன் தண்ணீர் வாங்கி வந்தார். குழந்தை நன்றாக இருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை, கருமாரி புண்ணியம். டாக்டரிடமும் ஒரு முறை காட்டச் சொன்னேன், காட்டினார்கள். மீதி நாலு வீடுகளுக்கும் நானே போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் "இத்தன வருஷமா குடிக்கிறோம், எங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கோபப்பட்டார்கள். அட்டவணையைக் காட்டினேன். அது என் சொந்த அட்டவணை என்பதால் தைரியமாகக் காட்ட முடிந்தது.

பிறகு கல்லூரிக்குப் போய் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெராக்ஸ் கடை உட்பட. அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நானும் பர்சன்டேஜ் மட்டும்தான் பார்த்தேன்" என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. பைண்டிங் பிரிக்கப்பட்டது. அந்த மாதத்துக் கருத்தரங்க மலரில் வரவேண்டிய கட்டுரை போகவில்லை. சமர்ப்பிக்கும் தேதி தாண்டியதால் இன்டர்னல் மார்க்கும் குறைந்தது. குறையட்டும்.

மூன்று வாரம் உட்கார்ந்து திரும்ப எழுதினேன். மேடம் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். மூலக் கட்டுரையைப் படி, மூடி வை, டீ குடித்துவிட்டு வா, நினைவில் இருப்பதை உன் வார்த்தையில் எழுது, பிறகு திறந்து சரிபார், யார் சொன்னது என்று அங்கேயே குறித்துவிடு. அவ்வளவுதான். முதல் நாள் அரைப் பக்கம்தான் வந்தது. என் ஆங்கிலம் அழகாக இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடிந்தது. வைவாவில் எக்ஸ்டர்னல் அதையேதான் கேட்டார்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லி முடிக்கிறேன். மென்பொருள் வேண்டும், விதியும் வேண்டும். ஆனால் அவை வாசல் காவல் மட்டுமே. கைடு ஒருவர் மாணவனை எதிரே உட்கார வைத்து, லேப் நோட்டையும் அட்டவணையையும் முடிவுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் பேசினால் போதும். எந்தக் காப்பியும் வெளியே வந்துவிடும். இதழ்களும் மூலத் தரவைக் கேட்டு வாங்க வேண்டும். முதலாண்டிலேயே மேற்கோள் காட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை, நேரம்தான் வேண்டும். எண்ணிக்கையைத் துரத்துகிற வரை அந்த நேரம்தான் யாரிடமும் இருக்காது.

என் புது முடிவுரையில் கடைசி வரி இதுதான்: பரிசோதித்த ஒன்பது மாதிரிகளில் ஐந்து கைக்குழந்தைகளுக்கு ஏற்றவை அல்ல. ஒன்பதே மாதிரிதான், சின்ன ஆய்வுதான். உலகத்தை மாற்றாது. ஆனால் அந்த வரி எந்த ஆய்வேட்டிலும் இல்லை. எங்கள் தெருவில் பாட்டில் பிடித்தவன் எழுதினால்தான் உண்டு.

அடுத்த கட்டுரையில் பார்ப்போம்.